எலுமிச்சை மையில் வந்த வினை

போன மாதம் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கட்டிங் பிரிவில் எனக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம், ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை வாங்குகிறார்களாம். என்னத்தை எழுதுவது என்று கேட்டேன்.

"அந்தக் குழந்தைச் சட்டையில எழுத்து வந்த கதைய எழுதுங்க மாஸ்டர். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. செத்துப்போன குழந்தை ஒண்ணு அவங்கம்மாளுக்கு எழுதுனதுன்னுகூடச் சொல்றாங்க" என்றார் ஒருவர்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எட்டு ஒன்பது வருடத்தில் ஒரு சின்ன விஷயத்துக்குக் கண், காது, மூக்கு வைத்து, கடைசியில் பேயையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். எந்தக் குழந்தையும் சாகவில்லை. அன்றைக்கு எழுதிய குழந்தைகள் எல்லாம் இப்போது ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்கிறார்கள். அந்த எழுத்து வந்ததற்குக் காரணம் நான். தெரிந்தும் மறைத்தவனும் நான். பேய் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நல்ல பெயரோடு இருப்பது சரியில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் குண்டடம் பக்கத்துக்காரன். பத்தாவது முடித்த கையோடு திருப்பூர் பஸ் ஏறியவன். முதலில் அயர்ன் டேபிளில் ஹெல்பர், பிறகு கட்டிங்கில் ஹெல்பர், பிறகு கட்டர், கடைசியில் மாஸ்டர். இத்தனை வருடத்தையும் ஒரே வரியில் முடித்துவிட்டேனே என்று நினைக்க வேண்டாம். வேலை கற்றுக்கொண்ட கதை எல்லோருக்கும் ஒரே கதைதான்: திட்டு வாங்கியது, டீ வாங்கி வந்தது. ஆனால் அயர்ன் டேபிளில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

சேர்ந்த முதல் மாதம். மதியம் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் வெள்ளை பனியனை மடித்து வைத்தேன். பார்வைக்குத் துணி சுத்தமாகத்தான் இருந்தது. அயர்ன் பெட்டி மேலே போனதும் என் ஐந்து விரலும் பழுப்பு நிறத்தில் எழுந்து வந்தன. அயர்ன் போட்டவர் பனியனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்து, "யாருன்னு கேக்க வேண்டாம், கையெழுத்தே போட்டிருக்கான்" என்றார். மொத்தப் பிரிவும் சிரித்தது. அன்றிலிருந்து எலுமிச்சைக்கும் வெள்ளைத் துணிக்கும் உள்ள பகையை நான் மறந்ததே இல்லை. மறக்கவில்லை என்பதுதான் பின்னால் நான் செய்ததை இன்னும் மோசமாக்கியது.

இப்போதைய கட்டிங் ஹாலில் கம்ப்யூட்டர் மிஷின் வெட்டுகிறது. மிச்சத் துணி தானாகச் சாக்குக்குப் போய்விடுகிறது. அப்போது அப்படி இல்லை. பெரிய பாகங்களை வெட்டியது போக மிஞ்சும் துணியைப் பிட் என்போம். கைக்குட்டை அளவு பிட்டைக்கூட எறிய விடமாட்டேன். கைக்குழந்தைச் சட்டையில் பின்கழுத்துக்கு உள்பக்கம் பிறை மாதிரி ஒரு துண்டு வைத்துத் தைப்பார்கள், அதற்கு ஹாஃப் மூன் என்று பெயர். அந்தத் துண்டுகளைப் பிட்டிலிருந்துதான் வெட்டுவோம்.

வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது என்பது இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம். ஒரே தடவையில் வெளுத்து வரும் துணியை லாட் என்போம். ஒரு லாட் வெள்ளை நீலம் பாய்ந்திருக்கும், அடுத்த லாட் பால் மாதிரி இருக்கும். சட்டை ஒரு வெள்ளையும் ஹாஃப் மூன் ஒரு வெள்ளையுமாகப் போனால் சரக்கு வாங்கும் பையர் திருப்பி அனுப்பிவிடுவான். ஆகவே பிட்டைப் பையில் போட்டு, லாட் எண் எழுதிய சீட்டைக் கட்டிவிடுவோம். பிரிவை விட்டு ஒரு பிட் வெளியே போனாலும் அதற்கென்று தனிச் சீட்டு உண்டு. தேதி, லாட், எத்தனை, காரணம், கையெழுத்து. வண்டி துடைக்க ஒரு பிட்டைச் சீட்டு இல்லாமல் எடுத்த ஹெல்பர் ஒருவனுக்கு நானே மெமோ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவு கறார்.

இனிமேல் குழந்தைகள் கதை.

கட்டிங் ஹாலுக்கு அடுத்த அறை குழந்தைகள் காப்பகம். வேலைக்கு வரும் பெண்களின் கைக்குழந்தைகள் பகல் முழுக்க அங்கே இருக்கும். ஒன்றாவது இரண்டாவது படிக்கும் பெரிய பிள்ளைகளும் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வேனில் வந்து இறங்கி, அம்மாக்களுக்கு வேலை முடியும்வரை அங்கேயே கிடக்கும். அவர்கள்தான் எனக்குத் தலைவலி. நடுக்கதவு வழியாக ஓடி வருவார்கள். துணி அடுக்குக்கு நடுவே கத்தி மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், இவர்கள் மேஜைக்கு அடியில் ஒளிந்து விளையாடுவார்கள். நான் கத்துவேன். நான் கத்துவதைப் பார்க்கவே வருகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காப்பகத்தைப் பார்த்துக்கொண்டது சரோஜா என்ற அம்மா. தனி ஆளாக எத்தனை பேரைத்தான் பிடிப்பார். ஒருநாள் அவர் வந்து, "ஏனுங்க மாஸ்டர், வெரட்டி வெரட்டி உங்களுக்கும் சலிச்சுப்போச்சு, எனக்கும் சலிச்சுப்போச்சு. டீ நேரத்துல ஒரு அரை மணி நேரம் வந்து எதையாச்சும் சொல்லிக் குடுங்களே. புள்ளைங்க ஒரு எடத்துல உக்காருமுங்கல்ல" என்றார்.

எனக்குப் பாட்டும் தெரியாது, கதையும் தெரியாது. தெரிந்தது எலுமிச்சம்பழம் ஒன்றுதான்.

முதல் நாள் கேன்டீனில் இரண்டு பழம் வாங்கி, பிழிந்து, ஒரு பாட்டில் மூடி தண்ணீர் கலந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து வெள்ளைத் தாளில் ஒரு மாடு வரைந்தேன். காய்ந்ததும் ஒன்றுமில்லை. "மாஸ்டர் தாத்தா ஏமாத்துறாரு" என்றது ஒரு குரல். அயர்ன் பெட்டியைச் சூடாக்கித் தாளின் மேல் வைத்து எடுத்தேன். மாடு வந்தது. கொம்பு கொஞ்சம் அதிகமாகக் கருகியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் கட்டிங் ஹாலுக்குள் ஓடி வரவில்லை. நாலரை மணிக்கு நான்தான் அங்கே ஓடினேன்.

பால் வைத்து எழுதினோம், வந்தது, ஆனால் மறுநாள் அறை நாறியது. வெங்காயச் சாறு வைத்து எழுதினோம், எழுதிய எல்லோரும் அழுதார்கள். சோற்றுக் கஞ்சியில் எழுதி, முதலுதவிப் பெட்டியிலிருந்த அயோடினைத் தண்ணீரில் கலந்து தடவினால் எழுத்து நீலமாக வந்தது. அதைப் பார்த்து பீகார்க்காரப் பையன் ஒருவன் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஆனாலும் ஓட்டுப் போட்டதில் எலுமிச்சைதான் ஜெயித்தது. சர்க்கரை கொஞ்சம் சேர்த்தால் நிறம் சீக்கிரம் ஏறுகிறது என்று கண்டுபிடித்தது தர்ஷினி என்ற ஒன்றாம் வகுப்புப் பெண். குடிக்கத்தான் அது சர்க்கரை போட்டது. மீதியை எழுதியபோது தெரிந்தது.

தர்ஷினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அம்மா பேச்சியம்மாள், தென்காசிப் பக்கம். வீட்டுக்காரர் இறந்த பிறகு குழந்தையோடு திருப்பூர் வந்தவர். காலையில் காப்பகத்தில் விட்டால் வேன் வந்து பள்ளிக்குக் கூட்டிப்போகும். விடும் நேரத்தில் தினமும் அந்தக் குழந்தை அழும். பேச்சியம்மாள் கையை விடுவித்துக்கொண்டு போவது போலப் போய், கதவுக்குப் பின்னால் நிற்பார். அழுகை நின்ற பிறகுதான் வேலைக்குப் போவார். அதனால் தினமும் ஐந்து நிமிடம் தாமதம். அந்த ஐந்து நிமிடம் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஏறிக்கொண்டே இருந்தது.

அவருக்கு வேலை சூட்டு மிஷினில். கைக்குழந்தைச் சட்டைக்குத் துணி லேபிள் தைத்தால் கழுத்தில் குத்தும். ஆகவே ஹாஃப் மூன் மேல் அளவையும் பெயரையும் சூட்டில் ஒட்டவைப்பார்கள். துண்டை வைத்து, அச்சுத் தாளை வைத்து, மிஷினை அழுத்தி, மனசுக்குள் எண்ணி, எடுக்க வேண்டும். சூடு கூடினால் துணி கருகும், குறைந்தால் எழுத்து உரியும். பேச்சியம்மாள் கையில் இரண்டும் நடந்து நான் பார்த்ததில்லை.

எலுமிச்சை விளையாட்டு தொடங்கிய மூன்றாவது வாரம், தாள் கருகிப் புகை கிளம்பியது. தீப்பாதுகாப்புக்காரர் வந்து குதித்தார். தாளுக்குப் பதில் துணியில் எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளை பிட் ஒரு சிறு பை எடுத்துப் போனேன். சீட்டு எழுதவில்லை. சனிக்கிழமை திருப்பிக் கொண்டுவந்து கழிவுச் சாக்கில் போட்டுவிடப் போகிறோம், இதற்கெல்லாமா சீட்டு என்று நினைத்தேன். ஊருக்குத்தான் உபதேசம். ஆனால் பை வாயைக் கட்டி லாட் சீட்டைத் தொங்கவிட்டிருந்தேன். வேண்டும் என்று செய்யவில்லை, அத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாகக் கட்டிவிட்டது.

அன்றைக்குப் புதன்கிழமை. பிள்ளைகளிடம் சொன்னேன்: "அம்மாவுக்கு என்ன சொல்லோணுமோ எழுதுங்க. யாரும் பாக்கக் கூடாது, நானும் பாக்க மாட்டேன். சனிக்கிழமை டீ நேரத்துல அம்மாமாரைக் கூப்பிடுவோம், அவங்கவங்க துணிய அவங்கவங்களே அயர்ன் போட்டுப் படிக்கட்டும்."

மூலைக்கு மூலை திரும்பி உட்கார்ந்து எழுதினார்கள். சிலர் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார்கள். கையால் மறைத்துக்கொண்டார்கள், மறைக்கத் தேவையே இல்லாத மையை. காப்பகத்துக் கயிற்றில் துணிகளை வரிசையாகக் காயப்போட்டுவிட்டு நான் கிளம்பினேன். வியாழனும் வெள்ளியும் எனக்கு விடுப்பு. ஊரில் மாரியம்மன் நோம்பி, திருவிழா.

சனிக்கிழமை காலையில் வேலைக்கு வந்ததும் ரெஜினா மேடம் அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

ரெஜினா மேடம் எங்கள் தர மேலாளர். தூத்துக்குடிக்காரர். உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை, ஆனால் அவர் அறைக்குள் போகும்போது நாங்கள் எல்லோரும் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொள்வோம். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பழுதான துணியை டியூப்லைட்டுக்குக் கீழே விரிப்பார். பிரிவுக்கு ஒருவரை வரச்சொல்வார். யாரையும் பேச விடமாட்டார். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்து, பார்த்ததை எழுதிப் பெயர் போடச் சொல்வார். "கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. நெனச்சத எழுதாதீங்க. நெனப்பை நான் அப்புறமா கேட்டுக்கிடுதேன்" என்பார். எழுதிய தாள்களை வாங்கிப் படித்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். முதலில் பேசியவன் சொன்னதையே மற்றவர்களும் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

மேஜையில் ஏழெட்டுக் கைக்குழந்தைச் சட்டைகள். எல்லாவற்றிலும் ஹாஃப் மூனில், அச்சுக்குப் பக்கத்தில், பழுப்புக் கோடுகள். ஒன்றில் ஒரு வளைவு. ஒன்றில் ஒரு சுழியும் காலும். துண்டு துண்டாக, தலைகீழாக இருந்ததால் யாருக்கும் அது எழுத்தாகத் தெரியவில்லை. கருகல் என்றுதான் நினைத்தார்கள். நான் ஒரு சட்டையைத் திருப்பினேன். "ம்மா" என்று இருந்தது. மேலே புள்ளிகூடத் தெளிவாக இருந்தது.

எனக்கு என்ன நடந்திருக்கும் என்று முழுதாகத் தெரியாவிட்டாலும், எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது.

புரொடக்‌ஷன் மேனேஜர் சுவரோரம் நின்றிருந்தார். திங்கள்கிழமை பையரின் ஆள் பார்வைக்கு வருகிறான் என்பதால் அவருக்குத் தூக்கம் போயிருந்தது. எனக்குக் கையில் தாள் வந்தது. சீட்டு இல்லாமல் துணி எடுத்தவன், அதுவும் மாஸ்டர், அதுவும் இன்னொருவனுக்கு மெமோ வாங்கிக் கொடுத்தவன். அந்த ஹெல்பர் அதற்குள் பக்கத்து மேஜையில் கட்டர் ஆகியிருந்தான். அவன் முகம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. பேச்சியம்மாள் முகம் வரவில்லை. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான் எழுதினேன்: "பழுப்புக் கறை. மிஷின் சூடு அதிகமாக இருக்கலாம்."

மேடம் எல்லாத் தாள்களையும் படித்தார். என்னுடையதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் படித்தது போல இருந்தது. மேனேஜர்தான் பேசினார். "சூட்டு மிஷின்தான் மேடம். தினமும் லேட்டா வர்ற பொம்பள. அவசரத்துல டயலைப் பாக்காம போட்டிருக்கு. திங்கக்கிழமையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டேன்." மேடம், "சாயங்காலம் வரைக்கும் அவங்க இங்கதான் இருக்கட்டும். நூல் வெட்டுத இடத்துல உக்கார வைங்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே குடிதண்ணீர்க் குழாய் அருகில் பேச்சியம்மாள் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"அண்ணாச்சி, நான் டயலத் தொடவே இல்ல. காலையில போட்ட சூடு அப்படியேதான் இருந்துச்சு. நீங்க விவரம் தெரிஞ்ச ஆளு, ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த வேலை போனா பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? பிள்ளையப் பாத்துக்கிட இடம் குடுக்கிற கம்பெனி இது ஒண்ணுதான்."

"பாக்கலாம்மா" என்றேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பழமொழியை நான் பலமுறை மற்றவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை. கத்தி மிஷினைக் கையில் எடுக்கவும் பயமாக இருந்தது, கவனம் இல்லாமல் விரலைக் கொடுத்துவிடுவேன் என்று. சும்மா துணியை விரித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

நாலரை மணி ஆனது. நான் காப்பகத்துப் பக்கம் போகவில்லை. அவர்கள் வந்துவிட்டார்கள். நடுக்கதவைத் தாண்டாமல், கதவோரமாகவே வரிசையாக நின்றார்கள். உள்ளே வரக்கூடாது என்று நான் சொன்னதை அன்றைக்குப் பார்த்துக் கடைப்பிடித்தார்கள்.

"மாஸ்டர் தாத்தா, இன்னைக்கு சனிக்கெழம" என்றான் ஒருவன்.

"எங்க துணியெல்லாம் எங்க?" என்று கேட்டாள் தர்ஷினி.

சரோஜாம்மாவைக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அதையா, நாந்தானுங்க வியாழக்கெழமையே மடிச்சுப் பையில போட்டுக் கட்டிங்குல குடுத்துட்டேன். லாட் சீட்டு தொங்குச்சு. சுத்தமான வெள்ளத் துணி, வேலைக்காவதா இருக்கும், நீங்க மறந்து விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் கயிற்றில் கிடந்த துண்டுத் துணியைத் தரை துடைக்க எடுத்திருப்பார்கள். திருப்பூரில் சீட்டுத் தொங்கும் வெள்ளை பிட்டை யாரும் வீணாக்க மாட்டார்கள். சரோஜாம்மா செய்தது சரி. பையை வாங்கிய ஹெல்பர் சீட்டைப் பார்த்துச் சரியான லாட் அலமாரியில் வைத்தது சரி. அதை எடுத்து ஹாஃப் மூன் வெட்டியது சரி. பேச்சியம்மாள் சூடு போட்டதும் சரி. எல்லோரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள், ஒரு சீட்டு எழுதாத என்னைத் தவிர.

"துணி வரும், போய் உக்காருங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு மேடம் அறைக்குப் போனேன்.

அவர் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சம்பழம், பஞ்சுக் குச்சி, சர்க்கரை, கயிறு, நோம்பி, எதையும் விடவில்லை. முடிந்ததும் அவர் கோப்பிலிருந்து என் தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இத்தனை வருசமா உங்க தாளப் படிக்கேன் மாஸ்டர். 'இருக்கலாம்'னு நீங்க ஒரு தடவைகூட எழுதுனதில்ல. காலையில தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமுங்க மேடம்."

"சரி. இதுக்குக் கீழயே நீங்க பாத்தத எழுதுங்க."

அந்தப் பொய்க்குக் கீழே எழுதினேன்: "ம்மா என்ற எழுத்து. எலுமிச்சைச் சாறு. துணியைச் சீட்டு இல்லாமல் எடுத்தவன் நான்." கையெழுத்துப் போட்டேன். அவர் அதைத் திரும்பக் கோப்பில் வைத்தார்.

"உங்களுக்கு மெமோ உண்டு, அது திங்கக்கெழம. மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிடுதேன். ஆனா பேச்சியம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அத நீங்கதான் சொல்லணும், அவங்களக் குத்தம் சொன்ன ஆளுங்க எல்லாரும் கேக்க."

நூல் வெட்டும் மேஜை ஹாலின் நடுவில் இருந்தது. சுற்றிலும் முப்பது பெண்கள். அவர்கள் நடுவே நின்று, "தப்பு பேச்சியம்மா மேல இல்லீங்க. துணியில சாறு பட்டது என்னால. காலையிலயே தெரிஞ்சும் நான் சொல்லல" என்றேன். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பேச்சியம்மாள் கையில் கத்தரியோடு எழுந்து நின்றார். நான் கும்பிட்டேன். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை. கத்தரியை மேஜையில் வைத்தார்.

"பாக்கலாம்மான்னு சொன்னீங்களே அண்ணாச்சி" என்றார்.

நான் அந்த பிட் பையை எடுத்து வர அலமாரிக்குப் போனேன்.

திங்கட்கிழமைக்குள் பழுதைப் பிரித்தாக வேண்டும். எந்த பிட்டில் எழுத்து இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணுக்குத் தெரியாது. சூடு காட்டினால்தான் தெரியும். ஆகவே அந்தப் பையிலிருந்த பிட், வெட்டிய ஹாஃப் மூன், தைத்த சட்டை எல்லாவற்றையும் சூட்டு மிஷினில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது என்று மேடம் முடிவு செய்தார். மிஷினில் யார் உட்கார்வது என்று மேனேஜர் கேட்டார். "அவங்கதான், வேற யாரு" என்றார் மேடம்.

பேச்சியம்மாள் டயலை எல்லோரும் பார்க்கும்படி காட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன், அவர் அழுத்தினார், மேடம் பார்த்துப் பிரித்தார். வெறும் வெள்ளை ஒரு பக்கம், எழுத்து வந்தது ஒரு பக்கம். பாதி எழுத்து, கால் எழுத்து, இந்தியில் ஒன்று, ஒரு பூ, என்னுடையதைப் போலக் கொம்பு பெரிதான ஒரு மாடு. பையின் அடியில் வெட்டாத பிட்டுகள் சில முழுதாக இருந்தன. அதில் ஒன்றைக் கொடுத்தேன். அவர் அழுத்தி, எண்ணி, மிஷினைத் தூக்கினார். மேடம் பக்கம் தள்ள வேண்டிய துணியைத் தள்ளாமல் வைத்திருந்தார்.

கோணல்மாணலாக, பெரிய பெரிய எழுத்தில், சர்க்கரை கூடுதலாகப் போட்டதால் நன்றாக நிறம் ஏறி வந்திருந்தது:

"அம்மா நான் அழல. தர்சினி."

பேச்சியம்மாள் துணியைக் கையில் எடுத்தார். சூடாகத்தான் இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பொய் சொல்லுதா பாருங்க மேடம். இன்னைக்குக் காலையிலகூட அழுதா, நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்."

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு டியூப்லைட்டைப் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வேலை முடிய எட்டு மணி ஆனது. முழுதாகக் கிடைத்த துணிகளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய், அதுவரை காத்திருந்த அந்தந்த அம்மாக்களிடம் காட்டினோம். துணி வெட்டுப்பட்டுப் போன பிள்ளைகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பீகார்ப் பையன் மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஹாஃப் மூன்களைப் பிரித்து மாற்றித் தைத்துச் சரக்குப் போனது. என் மெமோ திங்கட்கிழமை காலையிலேயே வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவன், நான் முன்பு மெமோ வாங்கிக் கொடுத்த அதே கட்டர். கொடுத்துவிட்டு, டீ சொல்லட்டுங்களா மாஸ்டர் என்று கேட்டான்.

ஆனால் அன்று சனிக்கிழமை கிளம்பும் முன் இன்னொன்று நடந்தது. பேச்சியம்மாள் அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். பழுது என்று பிரித்த துணி கேட்டைத் தாண்டக் கூடாது. வாட்ச்மேன் பையைத் திறந்து பார்ப்பார். மேடம் என்னைப் பார்த்தார். நான் பிட் சீட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தேன். தேதி எழுதினேன். லாட் எழுதினேன். எத்தனை என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வழக்கமாக அங்கே சாம்பிள் என்றோ கழிவு என்றோ எழுதுவோம். இரண்டும் பொய். அன்றைக்கு ஒரு பொய் எழுதியது போதும் என்று இருந்தது.

"கடிதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் படித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

கேட்டில் வாட்ச்மேன் சீட்டை வாங்கி, துணியை விரித்துப் பார்த்து, மறுபடி சீட்டைப் பார்த்தார். தர்ஷினி அம்மாவின் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் துணியை முன்பிருந்தபடியே மடித்துக் கொடுத்து, போங்கம்மா என்று கேட்டைத் திறந்துவிட்டார்.